சைக்கிள் கடை அண்ணன்

நேயர்களுக்கு வணக்கம். பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஊரில் எல்லா வயதுக்காரர்களுக்கும் அவர் அண்ணன்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன தை மாதம் காலமானார்.

மேட்டூரில் ஜூன் 12 திறப்பு என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். சில வருஷம் தள்ளிப் போகும், அது வேறு விஷயம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து எங்கள் பக்கம் இறங்கச் சில நாள் ஆகும். அதற்கு முன்னாலேயே அண்ணன் கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு, கடையைப் பாதி சாத்திவிட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு காய்ந்த ஆற்றுக்குள் நடப்பார். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பார். ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் உயரமான மூங்கில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டுவோம். தண்ணீர் வந்துவிட்டால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது பாருங்கள், மேலே எல்லாம் ஒரே மட்டமாகத்தான் ஓடும். "போன வருஷம் பார்த்த ஆறு இல்லடா இது" என்பார். வருஷா வருஷம் இதையே சொல்வார்.

அப்புறம் நீச்சல். கடையில் டியூபுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் டியூப் தர மாட்டார். அதில் சாய்ந்துகொண்டால் கை கால் அசையாது என்பார். இரண்டு நெற்றுத் தேங்காய்களில் கொஞ்சம் நாரைக் கிளப்பி, ஒன்றோடொன்று முடிந்து கொடுப்பார். அதை வயிற்றுக்குக் கீழே கொடுத்துக்கொண்டு மிதக்க வேண்டும். நான் அப்போது ஆறாம் வகுப்பு. நான்காம் நாள், படித்துறையிலிருந்து இருபது அடி போய்த் திரும்பிப் பார்க்கிறேன், தேங்காய் அவர் கையில் இருக்கிறது! எப்போது உருவினார் என்றே தெரியவில்லை. பயத்தில் இரண்டு வாய் தண்ணீர் குடித்தேன். அவர் பக்கத்திலேயேதான் நீந்தி வந்துகொண்டிருந்தார், ஆனால் தொடவில்லை. "கரை அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னார். கரைக்கு வந்து சேர்ந்தேன்.

பெண் பிள்ளைகளுக்கு விடியற்காலையில், அம்மாக்கள் படித்துறையில் உட்கார்ந்திருக்க, நீச்சல் சொல்லிக்கொடுத்தார். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. இதைச் சொல்லாமல் நான் போகக் கூடாது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ராத்திரி கடை விளக்கில் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, பரீட்சைக்குப் பணம் கட்டியது எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது கடையை அப்படியே பூட்டிவிட்டு, எங்களில் பத்துப் பேரோடு நாகப்பட்டினம் போனார். நாங்கள் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டோம். அவர் மாசி பிறந்த பிறகுதான் வந்தார்.

இந்த வருஷம் மூங்கில் நட்டது நாங்கள். குடமுருட்டிக் கரையில் இருக்கிற தாய்மார்களே, சிவப்புத் துணி தெரிகிற இடத்தில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். வணக்கம்.