சண்டை நடந்த வீட்டில் ஒரு குழந்தையும் இருந்தது

அவையோருக்கு வணக்கம். காவல்துறையைச் சேர்ந்தவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராகவே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நள்ளிரவில் ஓர் அழைப்பு. கணவன் அடிக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். காவலர்கள் போகிறார்கள். அடித்தவரைத் தனியே நிறுத்தி, அடிபட்டவரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். "பிள்ளை தூங்குது சார்" என்கிறார் அம்மா. அத்தோடு அந்த அறைப் பக்கம் யாரும் போவதில்லை. அந்தப் பிள்ளை தூங்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி கிடக்கிறது. மறுநாள் வகுப்பில் தூங்கி விழும், காரணமில்லாமல் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். நடந்தது தெரியாத ஆசிரியர் திட்டத்தான் செய்வார்.

வருமுன் காப்பது என்றால் ரோந்து, கேமரா, கைது என்றே பேசுகிறோம். வன்முறை நடந்த வீட்டுக் குழந்தையைப் பொறுத்தவரை, அந்த இரவுக்கும் மறுநாள் காலைப் பள்ளி மணிக்கும் இடையே காவலர் என்ன செய்கிறார் என்பதே பெரிய விஷயம்.

இதை உணர்ந்தவர்கள் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் ஒரு தலைமை ஆசிரியையும், காவல்துறை சார்ஜென்ட்டான அவருடைய கணவரும். 2011-இல் அவர்கள் தொடங்கிய 'ஆபரேஷன் என்கம்பஸ்' திட்டம் மிக எளிமையானது. குடும்ப வன்முறை நடந்த வீட்டில் குழந்தை இருந்தால், அடுத்த பள்ளி நாள் தொடங்குமுன் காவல்துறை பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவருக்குத்தான் தகவல் போகும். அப்புறம் அந்தப் பிள்ளை தாமதமாக வந்தாலும் யாரும் வெளியே நிறுத்த மாட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். பிளைமவுத்தில் தொடங்கியது இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இதே போன்ற திட்டத்தில், பிள்ளையின் பெயரோடு 'பக்குவமாகக் கையாளுங்கள்' என்ற குறிப்பு மட்டும் பள்ளிக்குப் போகிறது. என்ன நடந்தது என்று எழுதுவதில்லை. எனக்கு இந்த அடக்கம் மிகவும் பிடித்திருக்கிறது. குடும்பத்தின் மானம் தெருவுக்கு வராமலே பிள்ளைக்கு உதவி கிடைத்துவிடுகிறது.

சட்டமும் மாறியிருக்கிறது. இங்கிலாந்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோருக்கோ உறவினருக்கோ நடக்கும் கொடுமையைப் பார்க்கிற, கேட்கிற குழந்தையும் பாதிக்கப்பட்டவர்தான். வெறும் சாட்சி அல்ல.

சரி, இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புகார் கொடுத்தால் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயப்படும் தாய்மார்கள் நிறைய. அந்தப் பயம் வந்துவிட்டால் அடுத்த முறை அழைக்கவே மாட்டார்கள். வன்முறை இன்னும் மறைவாகும், இன்னும் மோசமாகும். ஆஸ்திரியாவில் 1997 முதல் காவலர்களுக்கு ஓர் அதிகாரம் உண்டு. அடிப்பவரை அங்கேயே வீட்டைவிட்டு வெளியேற்றலாம். இரண்டு வாரம் அவர் திரும்பி வரக்கூடாது. வெளியேற்றியதும், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பாதுகாப்பு மையத்துக்குக் காவல்துறையே தகவல் தருகிறது. மையத்தினர் தாமாகவே அடிபட்ட பெண்ணைத் தொடர்புகொள்கிறார்கள். தாயும் பிள்ளையும் மூட்டை கட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பிள்ளை அதே படுக்கையில் படுத்து, அதே பள்ளிக்குப் போகிறது. குற்றம் செய்தவர்தானே வெளியே போக வேண்டும்!

இதற்கெல்லாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? சிலவற்றை இன்றிரவே தொடங்கலாம். அந்த வீட்டுக்குப் போனால் பிள்ளையை நேரில் பாருங்கள். நின்றபடி பேசாமல் குனிந்து, முகத்துக்கு நேராகப் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள். "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தன்னால்தான் சண்டை வந்தது என்று நினைக்கிற பிள்ளைகள் ஏராளம். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளையையே மொழிபெயர்க்கவோ விளக்கவோ சொல்லாதீர்கள். ஒரே முகவரியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தால், பழைய பதிவுகளையும் எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள். சண்டை ஓய்ந்த ஒரு பகல் பொழுதில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். பிள்ளையின் பெயர், வயது, பள்ளி எழுத உங்கள் படிவத்தில் இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். மேலதிகாரிகளே, அந்த ஓரக் குறிப்பைப் பள்ளிக்குச் சேர்ப்பது யார் பொறுப்பு என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.