மேப்புல திருநெல்வேலியக் காணோம் மக்களே!

வணக்கம் மக்களே. மொட்ட மாடியில நின்னுதான் பேசுகேன், ஆடிக் காத்து மைக்க பிச்சு எடுக்கு, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. நாகர்கோவில்ல ராத்திரி ரயில் ஏறிப் போயி ஒரு மியூசியம் பாத்துட்டு வந்திருக்கேன். அங்க மாட்டியிருந்த சிவிங்கிப்புலி, அதான் சீட்டா, மேப்புதான் இன்னைக்குக் கதை. பேரு சொல்லமாட்டேன், கமெண்ட்ல கேக்காதீங்க.

மொதல்ல டிக்கெட் கதை. ஆளுக்கு 20 ரூவா, ஃபோனுக்கு 50. சரி, நியாயம். என் ஃபோன் செல்ஃபி குச்சியில மாட்டியிருந்துதா, அதப் பாத்ததும் கவுண்டர்ல இருந்த அண்ணன் "இது வீடியோ கேமரா, 300 ரூவா"ங்காரு. அண்ணே, அதே ஃபோன்தானே! குச்சியில இருந்தா கேமரா, கையில இருந்தா ஃபோனா? "ரூல்ஸ் அப்படித்தான் தம்பி." அவரு கண்ணு முன்னாலயே குச்சிய மடக்கிப் பைக்குள்ள போட்டேன். "இப்ப எவ்வளவுண்ணே?" "இப்ப 50." 250 ரூவா மிச்சம் மக்களே! நெய்மீன் பொரிச்சதோட ஒரு ஊணு சாப்பிட்டுட்டுத்தான் ரயில் ஏறினேன். வீடியோ ஆடுகுன்னு யாரும் குறை சொல்லப்பிடாது, காரணம் இதுதான்.

சரி, உள்ள போனா கண்ணாடிப் பெட்டியில சிவிங்கிப்புலி. பாடம் பண்ணி வச்சது. டியூப்லைட் வெளிச்சம் சரியா அது மூஞ்சியில விழுகு, எவன் மாட்டுனானோ. ஆனா கொள்ளாம், அழகு. என்ன ஒரு ஒல்லி இடுப்பு! பக்கத்துல ஒரு அக்கா பிள்ளைகிட்ட "சிறுத்தை பாரு"ன்னு காட்டுகாங்க. சும்மா இருப்பேனா? அக்கா, சிறுத்தைக்கு புள்ளி பூப்போல வட்டமா இருக்கும், இதுக்கு கறுப்பா பொட்டு வச்சாப்ல. கண்ணுல இருந்து வாய் வரைக்கும் கண்ணீர் வடிஞ்ச கணக்கா ஒரு கறுப்புக் கோடு, பாருங்கன்னேன். அந்தப் பிள்ளை பெட்டியவிட்டு நகரவே இல்ல.

அக்பர் ஒரே நேரத்துல ஆயிரம் சிவிங்கிப்புலி வளத்தாருங்காங்க, மான் வேட்டைக்கு. கூண்டுல அது அப்ப குட்டி போட்டதே அபூர்வம். அதனால ஒவ்வொண்ணையும் காட்டுல இருந்துதான் பிடிச்சாகணும். பிடிச்சுப் பிடிச்சே தீத்தாச்சு. புல்வெளியும் வயலாப் போச்சு. 1947ல இப்ப சத்தீஸ்கர்ல இருக்க கொரியா சமஸ்தானத்து ராஜா ஒரே ராத்திரியில மூணைச் சுட்டாரு. 1952ல நாட்டுலயே இல்லன்னு அறிவிச்சாச்சு. அந்த மூணையும் கிடத்திப் போட்டு, துப்பாக்கியோட அவரு நிக்க படம் இருக்கு. எனக்கு அந்தப் படமே பிடிக்காது, காட்டவும் மாட்டேன்.

ஆங், நகத்தச் சொல்ல விட்டுட்டேன். பூனை மாதிரி முழுசா உள்ள இழுக்காது, பாதி வெளியவே நிக்கும். ஓடும்போது தரையப் பிடிக்க.

இப்ப மெயின் கடுப்பு. சுவத்துல ஒரு மேப். முன்னால எங்கெல்லாம் வாழ்ந்துச்சுன்னு மஞ்சக் கலரு அடிச்சிருக்காங்க. கலரு மைசூரோட நிக்கு! அதுக்குக் கீழ வெறும் வெள்ளை. ஏங்க, சிவிங்கிப்புலிய மறுபடி கொண்டுவர்ற திட்டத்துக்கு மத்திய அரசு வெளியிட்ட குறிப்புலயே பஞ்சாப்ல இருந்து திருநெல்வேலி மாவட்டம் வரைக்கும் ஆதாரம் இருக்குன்னு போட்டிருக்கு. திருநெல்வேலின்னா எங்க? நமக்கு அடுத்த வீடு!

நம்ம மாவட்டத்துல இருந்துச்சுன்னு நான் சொல்லல. கல்குளம், விளவங்கோடு பூரா மழையும் மரமும், அது ஓட எடம் ஏது? ஆனா ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரின்னு போய்ப் பாருங்க. ஒடமுள்ளும் பொட்டலும், கண்ணுக்கு எட்டுன தூரம் தடையே கிடையாது. திருநெல்வேலி பக்கத்து வல்லநாடு வீடியோ பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், வெளிமான் இயற்கையா வாழுற தெக்குக் கோடி அதுதான். இரை இன்னைக்கும் அங்க மேயுது, வேட்டைக்காரனத்தான் காணோம்.

வாசல்ல இருந்த விசிட்டர் நோட்டுல முழுப் பக்கம் எழுதி வச்சிட்டுத்தான் வந்தேன். ஒரு மேடம் வாசிச்சுட்டு, "அந்தக் குறிப்ப அனுப்புங்க தம்பி"ன்னு மெயில் ஐடி குடுத்தாங்க. அனுப்பியாச்சு! மேப்ப மாத்துனாங்கன்னா, நம்ம சேனலுக்குத்தான் பெருமை.

மத்தியப் பிரதேசத்துக் கூனோ காட்டுல 2022 செப்டம்பர்ல வந்து இறங்குன சிவிங்கிப்புலி நமீபியாவுல இருந்து, அடுத்த வருசம் தென்னாப்பிரிக்காவுல இருந்து. எல்லாம் ஆப்பிரிக்க இனம். நம்ம ஆசிய இனம் இப்ப ஈரான்ல மட்டும், அதுவும் ரொம்பக் கொஞ்சம். அதப்பத்தி தனி வீடியோ போடுகேன்.

நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்து ஆளுங்க யாராவது வீட்டுல பழைய வேட்டைப் படம், தாத்தா காலத்துத் தோலு எதாவது கிடந்தா கமெண்ட்ல சொல்லுங்க, நானே பைக்க எடுத்துட்டு வாரேன். குச்சியோடதான் வருவேன்.