அவருக்கு என்ன குறை?

அவையோருக்கு வணக்கம். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ள முதியவர் ஒருவர் 'தனியாக இருப்பது போல இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னால், அதற்கு நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'மகன் பணம் அனுப்புகிறான், வேளாவேளைக்கு மாத்திரை கிடைக்கிறது, அவருக்கு என்ன குறை?' என்பது ஒன்று. 'பிள்ளைகள் சரியில்லை' என்பது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்ததே! ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி மாதாந்தரத் தொகையைக் கேட்டுப் பெறலாம். பேச்சுத்துணையைப் பெற முடியாது.

என் பெரியம்மா, தன் மகன் வீட்டில், பேரப்பிள்ளைகளுக்கு நடுவில்தான் இருந்தார். கல்யாணம், கோயில் என்று எதற்குக் கூப்பிட்டாலும், "முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். நாங்களும் முட்டியை நம்பித் தைலம் வாங்கிக் கொடுத்தோம். இதய நோய்க்காகக் காலையில் போடும் நீர் மாத்திரையின் வேகத்தில், பேருந்தில் போகும்போது வழியில் எங்கே ஒதுங்குவது என்ற அச்சம்தான் அவரை வீட்டோடு கட்டிப்போட்டது என்பது எனக்குத் தெரியவருவதற்குள், உறவினர்கள் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

வீடு தேடி வருகிறவர்களும் 'சுகர் எவ்வளவு?' என்று தொடங்கி, வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், அந்தப் பெண் வரும் நாளில் விடிந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, திண்ணையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுவிடுவார். மாத்திரை கொடுத்ததைச் சேவை என்று பாராட்டும் நாமே, அவள் பத்து நிமிடம் உட்கார்ந்து அவரிடம் பேசினால், வேலை நேரத்தில் அரட்டை என்கிறோம். அவருடைய மருந்தில் அந்தப் பத்து நிமிடமும் சேர்த்திதான் என்பது என் எண்ணம்.

பெரியம்மாவின் மாத்திரையைப் பயண நாளில் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தபின் போடலாமா என்று மருத்துவரைக் கேட்டோம், அவர் சம்மதித்தார். கல்யாண மண்டபத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து வரிசையில் இடம் பிடித்துவைத்தோம். பந்தி முடியும்வரை இருந்தார். முட்டி வலியைப் பற்றி அன்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.