ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா மணல்

நேயர்களுக்கு வணக்கம். மூணாறு, தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் டேலியா இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். கிழங்கைப் புதைத்தால் போதும், வந்துவிடும். இன்று நான் பேசப்போவது அவ்வளவு சமர்த்தான செடி இல்லை. எக்கினேசியா. சூரியகாந்தி குடும்பம்தான். ஊதா கலந்த ரோஸ் இதழ்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். நடுவில் கூம்பு ஒன்று ஆரஞ்சும் பழுப்புமாக, முள்ளு முள்ளாகப் புடைத்து நிற்கும். வேரைச் சளிக்கு மருந்து என்று விற்கிறார்கள். அந்தப் பேச்சு வேண்டாம், எனக்குப் பூ போதும்.

விதை வாங்கியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "போட்டேன், முளைக்கலை." விதையைத் திட்டாதீர்கள். அதன் சொந்த ஊர் அமெரிக்கப் புல்வெளி. குளிர்காலத்துக்கு முன்னால் விதை உதிரும். உடனே முளைத்தால் உறைபனியில் செத்துப்போகும். அதனால் ஈர மண்ணில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத்தான் பல விதைகள் முளைக்கும்.

"நம்ம ஊரில் இல்லாத குளிரா?" என்பீர்கள். ஜனவரியில் செண்டுவாரையில், குண்டளையில் விடிகாலைப் புல் வெள்ளை வெளேரென்று இருப்பது உண்மைதான். ஆனால் பத்து மணி வெயிலில் முதுகு சுடுகிறதே! விதைக்கு வேண்டியது விடாத குளிர். அதுவும் ஈரக் குளிர். பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்கிறவர்கள் உண்டு. காய்ந்த விதைக்குக் குளிர் உறைக்காது. மறுபடியும் சொல்கிறேன், ஈரம் வேண்டும்.

மணலைக் கழுவி எடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், இறுக்கினால் சொட்டு விழக் கூடாது. விதையைக் கலந்து, மூடி போட்ட டப்பாவில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலு வாரம். ஃப்ரீசர் வேண்டாம். டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், போடியிலிருந்து என் மச்சினன் வந்திருந்தார். விடிகாலையில், யாரையும் எழுப்ப வேண்டாமே என்று தானே கட்டன் டீ போட்டிருக்கிறார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் டப்பா. பழுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று. நாட்டுச்சர்க்கரை! இரண்டு ஸ்பூன். கலக்கக் கலக்கக் கரையவில்லை. மலைக் குளிருக்குச் சர்க்கரை லேசில் கரையாது போல என்று இன்னும் ஒரு ஸ்பூன். என் மனைவி எழுந்து வந்தபோது டம்ளரின் அடியை விரலால் துழாவிக்கொண்டிருந்தார். "அக்கா, உங்க ஊர்ச் சர்க்கரைல ஏதோ புல்லு விதையைக் கலக்குறாங்க" என்று புகார் வேறு.

சரி, விதைக்கு வருவோம். பிப்ரவரியில் மணலோடு சேர்த்துத் தட்டில் தூவுங்கள். விதை மறையும் அளவுக்கு மேல்மண் போதும். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். பிப்ரவரி என்று ஏன் அடித்துச் சொல்கிறேன்? ஜூன் மழைக்குள் செடி வேர் பிடித்திருக்க வேண்டும். குளிரை அது தாங்கும், காலடியில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது, வேர் அழுகிவிடும். மேட்டுப் பாத்தி போடுங்கள். கூரைத் தண்ணீர் விழாத இடமாக, ஒன்றரை அடி இடைவெளி. முதல் வருஷம் பெரும்பாலும் இலைதான். களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

பூக்கச் சோம்பினால் காரணம் பகல் நேரம். 13 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால்தான் இது நன்றாகப் பூக்கும். நமக்கு ஜூனில்கூடப் பகல் 12 மணி 45 நிமிடத்தைத் தொடாது. பொழுது சாய்ந்ததும் வாசல் பல்பு வெளிச்சம் இரண்டு மூன்று மணி நேரம் செடிமேல் விழட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். விதை எடுப்பதைப் பற்றி நிறைய எழுதி வந்திருந்தேன். கூம்பு கருத்துக் காய்ந்த பிறகு அறுங்கள், வெறுங்கையால் உதிர்க்காதீர்கள், குத்தும். அடுக்குப் பூவின் விதையில் அதே பூ வரும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். வணக்கம்.