எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும் போல்ட் ஏன் கழல மாட்டேன் என்கிறது?

(காட்சி: காருக்கு அடியில் கேமரா. மண் அப்பிய ஒரு போல்ட் தலை மட்டும் தெரிகிறது.)

இந்த போல்ட்டைப் பாருங்கள். இதன் மறுமுனை, வண்டி பிறந்த நாளிலிருந்து எஞ்சின் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கிறது. இறுகினதில் எண்ணெய் விட்டால் இளகும் என்றுதானே நாம் கேட்டு வளர்ந்தோம்? அப்படிப் பார்த்தால் வண்டியிலேயே சுலபமாகக் கழல வேண்டிய போல்ட் இதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் நான் ஸ்பேனரில் கிட்டத்தட்ட தொங்கியே பார்த்துவிட்டேன், மயிரிழை அசையவில்லை. இந்தப் புதிருக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. விடை தெரியாமல் நீளமான பைப்பைத் தேடி ஓடினால் போல்ட் தலை மழுங்கும், இல்லையென்றால் ஆயில் சேம்பரின் மரை உரிந்து வரும். அதனால் பைப்பைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தொட்டிதான் ஆயில் சேம்பர், அதன் அடியில் இருப்பது டிரெயின் போல்ட், இரண்டுக்கும் நடுவில் ஒரு வாஷர். போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வெளியே வரும். அவ்வளவுதான்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று, தயவுசெய்து இந்த இடத்தில் வீடியோவை ஓட்டிவிடாதீர்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. சாதாரண ஆயில் மாற்றத்துக்கே இந்த விதி உண்டு, ஆனால் இன்று நாம் செய்யப்போவது வண்டியையே ஆட்டும் அளவுக்கு இழுக்கிற வேலை. சமதளம், சக்கரத்துக்கு அணை, ஜாக் ஸ்டாண்டு, மூன்றும் வேண்டும். ஸ்டாண்டு வைத்த பிறகு வெளியே நின்று வண்டியை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். நீங்கள் திறக்கப்போவது எஞ்சின் போல்ட்தானா? பக்கத்திலேயே கியர்பாக்ஸுக்கும் இதே மாதிரி ஒரு போல்ட் இருக்கும். அதைத் திறந்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் இன்னொரு மடங்கு ஆயில் ஊற்றியவர்கள் உண்டு. வண்டியின் கையேட்டில் படம் இருக்கிறது, ஒரு நிமிடம் பாருங்கள்.

சரி, புதிருக்கு வருவோம். எனக்கு இந்தத் தலைப்பிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: மேசையில் புதிய போல்ட், பக்கத்தில் செம்பு வாஷர்.)

ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கு எங்கே போகிறது? மரையில் போகிறது என்றுதான் யாரும் சொல்வோம். உண்மையில் தோராயமாக 100-ல் 50 பங்கு போல்ட் தலைக்கு அடியில், அதாவது தலை வாஷர் மேல் உரசுகிற இடத்தில் செலவாகிறது. இன்னொரு 40 பங்கு மரை உரசலில் போகிறது. மிச்சம் இருக்கும் வெறும் 10 பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உண்மையான வேலையைச் செய்கிறது! முதன்முதலில் இதைப் படித்தபோது, இத்தனை வருடம் என் தோள்பட்டை வலித்ததெல்லாம் பெரும்பாலும் உரசலுக்காகத்தானா என்று எரிச்சலாகிவிட்டது.

இப்போது நம் டிரெயின் போல்ட்டை நினைத்துப் பாருங்கள். எண்ணெயில் நனைகிறது மரையின் உள்முனை. பெரிய உரசல் நடக்கிற தலையின் அடிப்பகுதி எங்கே இருக்கிறது? வெளியே. மழைத் தண்ணீர், சேறு, உப்பு, புழுதி எல்லாம் அங்கேதான் போய் ஒட்டுகிறது. நடுவில் இருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷர், நசுங்கி இரண்டு பக்கத்து மேடு பள்ளத்திலும் அப்பி உட்காரவேண்டும் என்றே செய்யப்பட்டது. அப்படி உட்கார்ந்தால்தான் கசியாது. வருடக்கணக்கில் சூடும் குளிருமாக அது அங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. கூடவே போன தடவை யாரோ ஒருவர் 'கசிந்துவிடப் போகிறதே' என்ற பயத்தில் ஸ்பேனரில் பைப்பைச் செருகி இறுக்கியிருப்பார். அந்த யாரோ நானாகவும் இருந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா? 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 20 கிலோ பலத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பல கார்களின் டிரெயின் போல்ட்டுக்கு 25 முதல் 45-க்குள் இருந்தால் போதும். அதே ஆள், அதே கை, 60 சென்டிமீட்டர் பைப் என்றால் 120 நியூட்டன் மீட்டர்! இறுக்கியவருக்குக் கஷ்டமே தெரிந்திருக்காது. கழற்ற வந்த நமக்குத்தான் தெரிகிறது.

ஆக, துரு ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் போல்ட் தலையின் நடுவில் அடித்துப் பயனில்லை. தலையும் வாஷரும் சேம்பரும் சந்திக்கிற அந்த மெல்லிய விளிம்பைச் சுற்றி அடிக்கவேண்டும், அப்புறம் கால் மணி நேரமாவது ஊறவிடவேண்டும். ஸ்ப்ரே என்றதும் எல்லோர் கையும் டபிள்யூடி-40 டப்பாவுக்குத்தான் போகும். அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரியுமா? 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனம், உலோகத்தின் மேலிருந்து தண்ணீரை விரட்டும் திரவம் ஒன்றைச் செய்ய முயன்றது. டபிள்யூடி என்பது அந்தத் தண்ணீர் விரட்டும் வேலையைக் குறிக்கிறது, 40 என்பது நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததை. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பூசினார்கள். கையில் அதுதான் இருக்கிறதென்றால் அடியுங்கள், கெட்ட சரக்கு இல்லை. ஆனால் இறுகிய மரைக்காகவே ஊடுருவும் எண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள், கிடைத்தால் அதை வாங்குங்கள்.

(காட்சி: இரண்டு சாக்கெட்டுகள், நேர் எதிரே கேமரா.)

இப்போது கருவி. அறுகோணத் தலைக்கு ஆறு முனை சாக்கெட்தான், பேச்சே இல்லை. பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட்டின் மூலைக்குப் பக்கத்தில் கொஞ்சமாகத்தான் பிடிக்கும், பலமாக இழுத்தால் மூலையைச் சீவிவிட்டு வழுக்கும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டே பக்கத்தைப் பிடிக்கிறது, அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். போடுவதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் தலையைச் சுத்தம் செய்யுங்கள். ஆலன் கீ போடுகிற மாதிரி குழி உள்ள தலை என்றால் குழியை ஊசி வைத்துக் குடையுங்கள். நான் குடைந்த ஒன்றிலிருந்து கல் மாதிரி இறுகிய மண் உருண்டை ஒன்று வந்தது, பாதிக் குழியை அதுதான் அடைத்திருந்தது. அதன் மேலேயே கீயை வைத்துத் திருகியிருந்தால் குழி வட்டமாகியிருக்கும், நான் மரை கழன்றவனாகியிருப்பேன்.

எந்தப் பக்கம் திருப்புவது? சிரிக்காதீர்கள், மல்லாந்து படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் இருக்கும் போல்ட்டை மேலிருந்து எட்டிப் பிடித்தால் திசை குழம்பிவிடும். பத்து நிமிடம் வியர்க்க வியர்க்க நான் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். இதற்கு ஒரு வழி இருக்கிறது. வலது கையை எடுங்கள். போல்ட் எந்தப் பக்கமாக வெளியே வரவேண்டுமோ அந்தப் பக்கம் கட்டை விரலை நீட்டுங்கள். மற்ற விரல்கள் எப்படி மடங்குகின்றனவோ அதுதான் கழற்றும் திசை. எந்தக் கோணத்தில் படுத்திருந்தாலும் தப்பாது.

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பானதும் நிறுத்துங்கள். கொதிக்க வேண்டாம், போல்ட் திடீரென்று கழன்றால் முதலில் வேகப்போவது உங்கள் முழங்கைதான். சூடானால் அலுமினிய ஓட்டை பெரிதாகி போல்ட் தானாக வழிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் 14 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 60 டிகிரி ஏறினால், இரும்பை விட அலுமினியம் கூடுதலாக விரிவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. போதாக்குறைக்கு சேம்பரின் கனமும் விரிந்து போல்ட் தலையை இன்னும் இழுத்துப் பிடிக்கும். ஆயில் சீக்கிரம் வடியும், அதற்காக மட்டும் சூடாக்கினால் போதும். தீ மட்டும் காட்டாதீர்கள், சுற்றிலும் ஆயிலும் ரப்பரும் இருக்கிறது.

அடுத்தது தட்டுவது. 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது இந்த போல்ட்டுக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது. ஒரு இரும்புத் துண்டை போல்ட் தலையின் நடுவில் நேராக வைத்து, சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு. தலைக்கு அடியில் அப்பிக்கிடக்கும் வாஷரின் பிடி அதில்தான் விடுபடும். வார்ப்பு அலுமினிய சேம்பர் என்றால் மென்மையாகத் தட்டுங்கள், விரிசல் விட்டால் பிறகு அழுது பயனில்லை.

அப்புறம் நீளக் கம்பி, ஆமாம், இப்போது எடுக்கலாம். சாக்கெட் முழு ஆழத்துக்கு உட்காரவேண்டும். ஒரு கையால் சாக்கெட்டைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளினால் கழலும் நொடியில் முட்டி போய் எங்கேயாவது மோதும். அசையவில்லையா, இறுக்கும் பக்கம் ஒரு துளி அழுத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கழற்றும் பக்கம் இழுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், பயந்துவிடாதீர்கள். உடைந்த சத்தமும் அதே மாதிரிதான் இருக்கும் என்பதால் எனக்கு இன்றும் அந்த ஒரு நொடி மூச்சு நின்றுவிடுகிறது!

தலை ஏற்கெனவே மழுங்கிவிட்டதா? உள்ளே எதிர்ப்பக்கமாகச் சுழலும் பற்கள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருப்புங்கள், திருப்பத் திருப்ப இன்னும் கடிக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் தலை மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து எடுப்பார்கள், அது பட்டறை வேலை, வீட்டில் வேண்டாம். அன்றைக்கே ஆயில் மாற்றியாக வேண்டும் என்றால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் குழாய் வழியாக பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கலாம், பல பட்டறைகள் வழக்கமாகவே அப்படித்தான் செய்கின்றன.

போல்ட் வந்துவிட்டதா? திரும்பப் போடுவதற்கு முன் சேம்பரின் அடியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பழைய வாஷர் சில நேரம் போல்ட்டோடு வராமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் புதியதைப் போட்டால் வாஷர் மேல் வாஷர், கசிவு நிச்சயம். புதிய வாஷர், முதல் நாலைந்து சுற்று வெறும் விரலால், கடைசியில் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் இருக்கும் அளவுக்கு மட்டும். ஆயில் ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டி, டார்ச் அடித்து போல்ட்டுக்கு அடியில் பாருங்கள். உங்கள் போல்ட் எந்தக் கட்டத்தில் 'டக்' என்றது என்று கமெண்டில் எழுதுங்கள், தப்பான பக்கம் திருகியவர்கள் மட்டும் தைரியமாகக் கையைத் தூக்குங்கள்.