வாய்ஸ் ஓவர் மாநாடு: போகலாமா, வேண்டாமா?

வணக்கம் மக்களே! குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜலதோஷமெல்லாம் இல்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கென்றே நடக்கும் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததன் பலன் இது. பகலெல்லாம் குரலை எப்படிக் காப்பாற்றுவது என்று வகுப்பு எடுக்கிறார்கள். சாயங்காலம் ஆனால், பாட்டு அலறும் ஹாலில் அத்தனை பேரும் ஒருவர் காதில் ஒருவர் கத்தி அறிமுகம் செய்துகொள்கிறார்கள்.

சத்தமான இடத்தில் நமக்கே தெரியாமல் நம் குரல் உயர்ந்துவிடும். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதி வைத்தது. இது அனிச்சையாக நடப்பது. "நான் மெதுவாகத்தான் பேசுவேன்" என்று எவ்வளவு உறுதியாக உள்ளே போனாலும் பத்து நிமிடத்தில் கத்திக்கொண்டிருப்பீர்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஹாலுக்குள்ளேயே வருவதில்லை, வெளியே வராந்தாவில் நிற்கிறார்கள். உருப்படியான தொழில் பேச்சில் பாதி அந்த வராந்தாவில்தான் நடந்தது.

அதே வராந்தாவில் இன்னொரு காட்சி. தண்ணீர் பாட்டிலுக்குள் ஸ்ட்ராவை விட்டு, "ஊ" என்று ஒலி எழுப்பிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தார்கள் சிலர். தெரியாதவர் பார்த்தால் சிரித்துவிடுவார். ஆனால் அது குரல் சிகிச்சையாளர்கள் முறையாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. வாயை ஓரளவு அடைத்தபடி ஒலி எழுப்பினால் உள்ளே எதிரழுத்தம் உண்டாகும். குரல் நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் இதமாக அதிரும். தொண்டை கட்டியிருக்கிறது என்று கிசுகிசுவெனப் பேசுகிறோம் பாருங்கள், அது ஓய்வு கிடையாது. பலருக்குக் குரல்வளையை அது இன்னும் இறுக்கிவிடும். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் ஓய்வு. நான் இப்போது செய்ய வேண்டியதும் அதுதான், ஆனால் வீடியோ போட்டாக வேண்டுமே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் பாடமும் யூடியூபில் கிடைக்கிறது, இதற்கு மாநாட்டுக்கு வேறு போக வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். பெரிய மேடைப் பேச்சுகளுக்காக என்றால் போகவே வேண்டாம். ஊக்கப் பேச்சு எங்கே கேட்டாலும் ஒன்றுதான். கைதட்டிவிட்டு வெளியே வந்தால் ஒரு வரி நினைவில் நிற்காது. ஏஜென்ட் ஒருவர் நம் குரலைக் கேட்டு அசந்துபோய் அங்கேயே ஒப்பந்தம் நீட்டுவார் என்ற கனவோடும் போகாதீர்கள். போக வேண்டியது சின்ன அறைகளுக்கு. ஒரு மைக், வேலைக்குக் குரல் தேர்வு செய்யும் ஒரு காஸ்டிங் டைரக்டர், பத்துப் பதினைந்து பேர். பெரும்பாலும் இதற்குத் தனிக் கட்டணம் இருக்கும், இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆனால் மொத்த மாநாட்டின் சாரமே அங்கேதான் இருக்கிறது.

என்ன நடக்கும் அங்கே? எல்லோருக்கும் ஒரே ஸ்கிரிப்ட் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது முப்பது விநாடி காப்பீட்டு விளம்பரம். முதல் வரி இப்படி: "வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மனதில் என்ன ஓடும்?"

முதலில் எழுந்தவருக்கு நல்ல கனமான குரல். வாசித்து முடித்ததும் அறையே "அடடா" என்றது. டைரக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "குரல் அருமை. யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டார். "மக்களிடம்" என்றார் இவர். "மக்கள் இங்கே இல்லையே. மைக் உங்கள் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் யார் முகம் இருக்கும்?"

அவர் யோசித்துவிட்டுச் சிரித்தார். "என் மனைவி முகம்."

"தூங்கிவிட்டாரா?"

"எங்கே, போன் பார்த்துக்கொண்டிருப்பார்."

"சரி. ஸ்கிரிப்ட்டில் இல்லாத ஒரு வாக்கியத்தை முதலில் அவரிடம் சொல்லுங்கள். நிறுத்தாமல் அப்படியே முதல் வரிக்குள் போங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏம்மா, அந்த போனைக் கொஞ்சம் கீழே வையேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அதே மூச்சில் வரிக்கு வந்தார். முன்பு "தூங்கிய" என்ற சொல்லை வானொலி அறிவிப்பு மாதிரி இழுத்திருந்தார். இப்போது அது பாதி விழுங்கிக்கொண்டு வந்தது. "என்ன ஓடும்" என்பதற்கு முன்னால் ஒரு குட்டி இடைவெளி தானாக விழுந்தது. கை வேறு அசைய ஆரம்பித்திருந்தது. குரல் அதே குரல்தான். ஆனால் முதல் டேக்கைக் கேட்டு அசந்தோம், இரண்டாவதற்குக் காது கொடுத்தோம்.

இப்படி முன்னால் ஒரு வாக்கியத்தை ஒட்டிக்கொள்வதற்கு லீட்-இன் என்று தொழிலில் சொல்வார்கள். எடிட்டில் அதை வெட்டிவிடலாம். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அடுத்து வந்த பெண்ணுக்கு அதே உத்தி வேலை செய்யவில்லை! லீட்-இன் சொல்லும்வரை சாதாரணமாகப் பேசினார். முதல் வரி வந்ததும் "ஸ்கிரிப்ட் குரல்" வந்து உட்கார்ந்துகொண்டது. ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று கேட்டது. டைரக்டர் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். "விளம்பரம் என்ன சொல்கிறது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். அவர் தன் பாட்டுக்குச் சொல்லி முடித்ததும் தாளைத் திருப்பிக்கொடுத்து, இடைவெளி விடாமல் வாசிக்க வைத்தார். ஒட்டு மறைந்துவிட்டது.

ஒருவருக்குப் பலிப்பது இன்னொருவருக்கு ஏன் பலிக்கவில்லை என்பதை எந்த வீடியோவும் காட்டாது, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாம் வருடம் முழுக்க ஒலிப்பதிவு பூத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு நெருக்கமாகத் தெரிந்த வாசிப்பு நம்முடையது மட்டும்தான். அந்த அறையில் ஒரே முப்பது விநாடியை அத்தனை பேர் வாசிக்கக் கேட்கிறோம். பாதிப் பேர் முடிவதற்குள், டைரக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன திருத்தம் சொல்வார் என்று ஊகிக்க முடிந்தது. அந்தக் காதுதான் வேண்டும். இப்போதெல்லாம் ஆடிஷனை நாமே பதிவு செய்து அனுப்புகிறோம், திருத்தம் சொல்ல யாரும் இல்லை. டைரக்டர் வேலையையும் நாமேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முறை எப்படிப் போனது என்று கேட்பீர்கள். ஒரு திருத்தம், ஒரு டேக், அவ்வளவுதான். நான் வாசித்ததில் கிடைத்ததைவிட மற்றவர்கள் வாசிக்கக் கேட்டதில் கிடைத்தது அதிகம்.

தொழில்நுட்ப வகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி நேரம் முழுக்க "எந்த மைக் வாங்கலாம்?" என்ற ஒரே கேள்வி. சவுண்ட் இன்ஜினியர் பாவம், பொறுமையாக ஒரே மைக்கில் இரண்டு அறைகளில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். ஒன்று பக்கத்தில் அமர்ந்து பேசுவது போல, மற்றது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. அதோடு விவாதம் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஆடியோ புத்தகம் செய்கிறவர்கள் மட்டும் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியோ புத்தகங்களை வெளியிட உதவும் ஏ.சி.எக்ஸ் தளத்தில் சராசரி ஒலியளவு, அதாவது ஆர்.எம்.எஸ், மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையில் இருக்க வேண்டும். உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது. பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்கு மேல் போகக் கூடாது. இந்தக் கடைசி எண்ணில்தான் பலர் அடிவாங்குகிறார்கள். மின்விசிறி, கம்ப்யூட்டர், பக்கத்துத் தெரு வண்டிச் சத்தம் எல்லாம் அதில் வந்து விழும். சின்னச் சத்தங்களைத் தானாக மௌனமாக்கும் நாய்ஸ் கேட் போட்டு மூச்சையும் சேர்த்து அறுத்துவிட்டால் எண் சரியாக வரும், ஆனால் வாக்கியங்களுக்கு நடுவே அறையே செத்துப்போனது போல இருக்கும்.

ஆனால் இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்டது ஒப்பந்த வகுப்பைத்தான். ஏ.ஐ. வந்த பிறகு பயம் யாருக்குத்தான் இல்லை? அங்கே பேசிய இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன், இரண்டுமே ஊரறிந்தவை.

சூசன் பென்னட். ஐபோனில் நம்மோடு பேசும் உதவியாளரான 'சிரி'க்கு அமெரிக்காவில் வந்த முதல் குரலுக்குச் சொந்தக்காரர். 2005 ஜூலையில் வீட்டு பூத்தில் தினமும் மணிக்கணக்காக, அர்த்தமே இல்லாத வாக்கியங்களாகப் பதிவு செய்து கொடுத்தார். அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. 2011-இல் சிரி வந்தபோது, தொழில் நண்பர் ஒருவர் சொல்லித்தான் அது தன் குரல் என்றே தெரிந்தது. 2013-இல் அதை வெளியில் சொன்னார். இன்னொருவர் கனடாவின் பெவ் ஸ்டாண்டிங். மொழிபெயர்ப்புக்கு என்று நினைத்துக் கொடுத்த பதிவுகள், டிக்டாக்கில் எழுத்தைப் படித்துக் காட்டும் குரலாகி ஊரெல்லாம் கேட்டன. 2021 மே மாதம் வழக்குப் போட்டார். அதே வருடம் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன.

இந்த இரண்டையும் சொல்லிவிட்டு வகுப்பெடுத்த வழக்கறிஞர் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் திரையில் போட்டார். ஒரு வரியை மட்டும் மஞ்சளில் காட்டினார். "இன்று உள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரம்பின்றி." அறையில் ஒரு சத்தம் இல்லை. எத்தனை பேர் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று அந்த அமைதியிலேயே தெரிந்தது. எந்த ஊடகம், எந்த நாடு, எவ்வளவு காலம் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள் என்றார். கூடவே, என் அனுமதி இல்லாமல் இந்தப் பதிவைக் குரல் நகலெடுக்கவோ இயந்திரத்தைப் பயிற்றுவிக்கவோ பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2022-இல் தொடங்கிய நாவா என்ற குரல் நடிகர் சங்கம் அப்படிப்பட்ட பத்தி ஒன்றை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. டென்னசி மாநிலத்தின் எல்விஸ் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அது குரலுக்கும் பாதுகாப்பு தருகிறது. அதே மாதக் கடைசியில்தான் சாக்-ஆஃப்ட்ரா என்ற அமெரிக்க நடிகர்களின் தொழிற்சங்கம் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அடுத்த வருடம் ஒப்பந்தம் உறுதியாகும்வரை இழுத்த சண்டை, முக்கியக் காரணம் ஏ.ஐ.தான். ஏ.ஐ. பற்றி ஆளுக்கு ஆள் புலம்புவதைவிட இந்த ஒப்பந்த வகுப்பு எனக்கு உபயோகமாகப் பட்டது.

பிடிக்காததையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டால்கள் இருக்கும் பகுதியில் டெமோ, அதாவது குரலின் மாதிரிப் பதிவு, எடுத்துக்கொடுக்கும் விற்பனை. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களை உட்கார வைத்து, "உங்கள் குரலுக்கு இப்போதே டெமோ எடுத்துவிடலாம்" என்று ஆசை காட்டுகிறார்கள். டெமோ என்பது ஒரு நிமிடச் சரக்கு. கேட்கிற ஏஜென்ட் முதல் சில விநாடிகளில் முடிவெடுத்துவிடுவார். வாசிப்பு பழுக்காமல் எடுத்த டெமோ, "நான் இன்னும் தயாராகவில்லை" என்று நாமே காசு கொடுத்து அறிவிப்பதுதான். முதலில் பயிற்சி, டெமோ அப்புறம். இதைச் சொன்னால் ஸ்டால்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஒரு சின்ன வேடிக்கை. மாநாட்டு ஹோட்டலில் ராத்திரி நடந்தால், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். வெளியூர் போனாலும் ஆடிஷன் நிற்காதல்லவா. நான் ஆடிஷன் பதிவு செய்த இடத்தின் படத்தை இதோ திரையில் போடுகிறேன். துணி அலமாரி. கதவைத் திறந்து, போர்வையைக் கதவுகளின் மேல் குறுக்கே போட்டு, தலையணைகளைப் பின்னால் அடுக்கி, ஏ.சி.யை அணைத்துவிட்டேன். வியர்த்துக் கொட்டியது, ஆனால் பதிவு சுத்தமாக வந்தது. லிஃப்டில் ஒருவர் "எந்த மாடி?" என்று கேட்டார் பாருங்கள், கானுயிர் ஆவணப்படமே தொடங்கிவிட்டதோ என்று நினைத்தேன்.

கடைசியாக, வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. பையில் சேர்ந்த கார்டுகளை எடுத்து வைத்து, சூடு ஆறுவதற்குள் மெயில் எழுதுங்கள். இரண்டு மூன்று வரி போதும். "வராந்தாவில் கேம் டப்பிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே, அவன்தான்" என்கிற மாதிரி ஒரு அடையாளம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அவர்கள் நூறு பேரைப் பார்த்திருப்பார்கள். கேட்காதவர்களுக்கு டெமோவை இணைக்காதீர்கள். கேட்டவர்களுக்கு, கோப்புக்கு என்ன பெயர் வைக்கச் சொன்னார்களோ அதே பெயரில் அனுப்புங்கள். "வாசிப்பைக் கேட்பதற்கு முன்பே கோப்பின் பெயரைப் பார்த்துப் பாதிப் பேரை ஒதுக்கிவிடுவேன்" என்று ஒரு காஸ்டிங் டைரக்டர் சிரிக்காமல் சொன்னார்.

எனக்கு இன்னும் ஐந்தாறு மெயில் பாக்கி இருக்கிறது. அடுத்த வீடியோவில் அந்த ஒப்பந்தப் பத்தியை வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். உங்களிடம் இருக்கும் பழைய ஒப்பந்தங்களை அதற்குள் தேடி எடுத்து வையுங்கள். பார்க்கலாம்.