வீடு பழகும் புறா

நேயர்களுக்கு வணக்கம்.

"நல்ல ஜோடி ஹோமர் வாங்கினோம், ஒரு மாதம் அடைத்தே வைத்திருந்தோம், திறந்துவிட்ட அன்றே போய்விட்டது." கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகப் புறா வளர்க்க இறங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. ஹோமர் என்பது எங்கே விட்டாலும் தன் வீட்டுக்குத் திரும்பும் புறா இனம். புறாமேல் தப்பில்லை. அது தன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. விற்றவருடைய மொட்டை மாடிதான் அதற்கு வீடு.

1870-ல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரைச் சுற்றி வளைத்தபோது, பாரிஸ் புறாக்களைப் பலூனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். வால் இறகில் செய்தி கட்டி விட்டதும், தப்பிப் பிழைத்தவை முற்றுகையைத் தாண்டி ஊர் திரும்பின. பாரிஸிலிருந்து வெளியே செய்தி கொண்டுபோக அதே புறாக்கள் உதவவில்லை. ஹோமருக்குத் தெரிந்தது திரும்பி வருவது ஒன்றுதான். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர் பறந்து பழகிய பெரிய புறாவை வாங்கவே கூடாது. வாங்கினால் குஞ்சு எடுப்பதற்காகக் கடைசிவரை அடைத்தே வைக்க வேண்டும். பறக்கவிட வேண்டுமானால் 28 முதல் 32 நாள் குஞ்சுதான் சரி.

குஞ்சு வருவதற்கு முன் கூண்டு முழுதாக முடிந்திருக்கட்டும். பன்னிரண்டு புறாவுக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரம் போதும். அந்த இடத்தில் இருபதை அடைத்தால் நெரிசலே நோயைக் கொண்டுவரும். கூண்டின் கால்களுக்கு நம் பக்கத்துச் சவுக்குக் கம்பே நல்லது. தகரக் கூரை போடாதீர்கள். உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், சித்திரை வெயிலில் உள்ளே மூச்சு முட்டும். சிமென்ட் ஷீட் போட்டு அதன்மேல் தென்னங்கீற்று வேயலாம். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால் வடக்கையும் கிழக்கையும் பலகையால் அடைத்து, திறந்த முகப்பைத் தெற்கே வையுங்கள். கம்பிவலை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷாக இருக்கட்டும். ஒரு அங்குலக் கண்ணில் சுண்டெலி நுழையும். எலி நடமாடினால் பின்னாலேயே சாரைப்பாம்பு வரும். ஒவ்வொரு புறாவுக்கும் உட்கார ஓர் இடம், ஓர் அடி இடைவெளியில். இடம் போதவில்லை என்றால் இரவெல்லாம் கொத்திக்கொள்ளும்.

வாசலில் ஒரு இறங்குபலகை. அதை ஒட்டி, மேலிருந்து தொங்கும் அலுமினியக் கம்பிகளை இரண்டு அங்குல இடைவெளியில் மாட்ட வேண்டும். கீழே ஒரு சட்டம் தடுப்பதால் கம்பி உள்பக்கம் மட்டுமே தள்ளும். புறா நெஞ்சால் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், வெளியே போக முடியாது. இறங்குபலகைமேல் வைக்க, மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு வலைப்பெட்டியும் வேண்டும். இந்தப் பெட்டியைச் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் புறா இழக்கிறார்கள்.

குஞ்சு வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். புறாவின் தலை உங்கள் நெஞ்சைப் பார்க்கட்டும். இரண்டு காலையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பின்பக்கமாகக் கொடுத்து, கட்டைவிரலால் சிறகு நுனிகளை வாலோடு சேர்த்து அழுத்தாமல் பிடியுங்கள். நெஞ்செலும்பை விரலால் தடவினால் நேராக ஓட வேண்டும். வளைந்திருந்தால் வேண்டாம். வாயைத் திறந்து பாருங்கள். தொண்டை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாகத் தயிர் உறைந்த மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது தொண்டை நோய், மற்றக் குஞ்சுகளுக்கும் தண்ணீர் வழியாகப் பரவும். இறக்கைக்கு அடியில் முடி மூடியிருக்க வேண்டும். தலையில் இரண்டொரு மஞ்சள் இழை மிச்சமிருந்தால் வயது சரி.

வந்த முதல் நாள் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் மெல்ல நனைத்துக் காட்டுங்கள். புறா தலையைத் தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும். இரண்டு உறிஞ்சு உறிஞ்சியதும் இடம் தெரிந்துகொள்ளும். இதைச் செய்யாததால் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே நா வறண்டு செத்த குஞ்சுகள் உண்டு. தீனி போடும்போதெல்லாம் ஒரே மாதிரி விசில் அடியுங்கள், இல்லை டப்பாவில் தானியத்தைக் குலுக்குங்கள். தினம் ஒரே சத்தம்.

நான்காம் நாளிலிருந்து மாலைவேளையில் வலைப்பெட்டியில் விடுங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னைமரம், செல்போன் கோபுரம், காக்கை உட்காரும் கம்பி எல்லாவற்றையும் அது உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு வாரம் இப்படி. அதே வாரத்தில் கம்பித்திரையும் பழக்குங்கள்: முதலில் எல்லாக் கம்பியையும் தூக்கிக் கட்டி, அடுத்த நாள் ஓரத்தில் இரண்டை இறக்கி, பிறகு முழுவதும். தயங்குகிற குஞ்சைக் கையால் பிடித்து நான்கைந்து முறை உள்ளே தள்ளிவிட்டால் பயம் தெளியும்.

நாற்பது நாள் வயதில் முதல் முறையாகத் திறக்கலாம். காற்றில்லாத மாலை, சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கையில். காலைத் தீனியைப் பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், அவையாகவே நடந்து வரட்டும். கையில் தூக்கி வானில் எறிவது, கைதட்டிக் கிளப்புவது இரண்டும் கூடவே கூடாது. மிரண்டு எழும்பிய குஞ்சு வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் பறக்கும். கூரைமேல் ஏறி உட்காரும், எட்டிப் பார்க்கும், சிறகடித்துப் பார்க்கும். அரை மணி கழித்து விசிலடித்துத் தீனி காட்டினால் பசி உள்ளே கொண்டுவரும். வயிறு நிறைந்த குஞ்சு பக்கத்து வீட்டு மாடியிலேயே இரவு தங்கும், பூனைக்கு அது போதும். எட்டு வாரம் தாண்டிய பிறகு முதல்முறை திறப்பதும் ஆபத்து. சிறகில் வலு வந்திருக்கும், வீடு இன்னும் மனதில் பதிந்திருக்காது.

தீனி ஒரு புறாவுக்கு நாளைக்குச் சுமார் 30 கிராம். பன்னிரண்டுக்கு 360 கிராம். காலையில் மூன்றில் ஒரு பங்கு, மாலையில் மீதி. கம்பு மூன்று பங்கு, சோளம் இரண்டு, உடைத்த மக்காச்சோளம் இரண்டு, பச்சைப்பயறும் பட்டாணியும் சேர்ந்து இரண்டு, கோதுமை ஒன்று. முட்டை வைத்துக் குஞ்சு வளர்க்கும் ஜோடிக்குப் பயறைக் கூட்டுங்கள். வெறும் அரிசியும் கோதுமையும் போட்டு வளர்த்தால் சிறகில் உரம் இருக்காது. மழைக்காலத்தில் மக்காச்சோளத்தை முகர்ந்து பாருங்கள். பூசணம் பிடித்த வாடை இருந்தால் குப்பையில் போடுங்கள், காயவைத்துப் போட்டாலும் நஞ்சு போகாது. இரைப்பையில் தீனியை அரைக்கும் கல்லுக்கும், சுண்ணாம்புச் சத்துக்கும் நம் கடற்கரைக் கிளிஞ்சலே இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, துவரம்பருப்பு அளவுக்கு நொறுக்கி, செங்கல் தூளும் கொஞ்சம் அடுப்புக்கரியும் கலந்து தனிச் சட்டியில் வையுங்கள்.

நோயில் மூன்றைச் சொல்லியாக வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டு, தானியத்தைக் குறிவைத்துக் கொத்த முடியாமல், எச்சம் தண்ணீராகப் போனால், அது கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தரும் வைரஸின் இனத்தைச் சேர்ந்தது. வந்த பிறகு மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசிதான். அம்மை கொசுவால் பரவும். புரட்டாசிக்குமேல் இரவில் கூண்டுக்குக் கொசுவலை கட்டுங்கள். தொண்டை நோய்க்கு மருந்து உண்டு, ஆனால் கடையில் கேட்டு வாங்கி அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டலாம். எச்சம் சுரண்டும்போது உங்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

2011 டிசம்பர் 30 தானே புயலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலும் நம் கரையில்தான் ஏறின. மொட்டை மாடிக் கூண்டின் ஷீட்டை ஆணியால் அடிக்காமல் ஜே போல்ட்டால் இறுக்குங்கள். நான்கு காலையும் கைப்பிடிச் சுவரோடு கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்த உடனே புறாக்களைக் கூடையில் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

மூன்று மாதம் ஆனதும், கூட்டமாகச் சுற்றிவிட்டு அரை மணி, முக்கால் மணி கண்ணுக்குத் தெரியாமல் போய்த் திரும்பத் தொடங்கியதும், வெளியூர் டாஸ், அதாவது கூடையில் கொண்டுபோய்த் தூரத்திலிருந்து விட்டுப் பழக்குவது, ஆரம்பிக்கலாம். முதலில் 2 கிலோமீட்டர், பிறகு 5, 10. ஒவ்வொரு தூரத்திலும் இரண்டு மூன்று முறை, கூட்டம் முழுவதும் நேராக வந்த பிறகே அடுத்த தூரம். கடலூர்க்காரர் வடக்கே போவதென்றால் ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், புதுச்சேரி, காலாப்பட்டு என்று ஒரே திசையில் நீட்டிக்கொண்டு போங்கள். இன்று வடக்கு, நாளை மேற்கே பண்ருட்டி என்று மாற்றினால் இளம்புறா குழம்பும். காலை ஏழு மணிக்குள் விடுவது நல்லது. தண்ணீர் காட்டுங்கள், தீனி வேண்டாம். கூடையை வைத்ததும் திறக்காமல் கால் மணி நேரம் வானத்தைப் பார்க்க விடுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று ஓங்கி அடிக்கும் நாளில் விடாதீர்கள், குஞ்சைக் கடல்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மார்கழி, தையில் வல்லூறு வரும். அது வட்டமிடும் காலையில் கூடையைத் திறக்காமலே திரும்புங்கள்.

தாமதமாக வந்த புறாவையும் மற்றவற்றைப் போலவே விசிலடித்துக் கூப்பிட்டுத் தீனி போடுங்கள். காலில் வளையத்தோடு அடுத்தவர் புறா உங்கள் மாடியில் களைத்து இறங்கினால், தண்ணீரும் கொஞ்சம் கம்பும் வைத்து, ஒரு நாள் இளைப்பாறவிட்டு, மறுநாள் காலையில் திறந்துவிடுங்கள். அதற்கும் ஒரு வீடு காத்திருக்கிறது.

வணக்கம்.